எந்தப் போட் எடுப்பம்? (குடும்பக் குழு, ஸ்காபரோ)

நான்: மீன் பிடிக்கப் போக வாங்க நினைச்ச இரண்டு போட்டும் பார்த்தாச்சு. இரண்டும் 14 அடி, அலுமினியம், றெயிலரோடு. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பச்சை நிறப் போட் வெல்டிங் செய்தது. சாம்பல் நிறப் போட் ரிவெட் ஆணி அடித்தது, கொஞ்சம் பழசு. எனக்குப் பச்சைதான் பிடிச்சிருக்கு.

அத்தான்: பச்சையை எடு. ரிவெட் நாள்பட இளகி ஒழுகும்.

சின்ன மாமா: பொறு தம்பி. எஞ்சின் பூட்டுற பின்பலகையின் உயரம் அளந்தனியா?

நான்: ஓம் மாமா. பச்சை 15 அங்குலம், சாம்பல் 20.

சின்ன மாமா: அப்ப சாம்பல்தான். உனக்குத் தாறன் என்று சொன்ன 9.9 குதிரைவலு எஞ்சின் லோங் ஷாஃப்ட், அதாவது நீட்டுத் தண்டுள்ளது. 20 அங்குலப் பலகைக்குத்தான் அது சரி. 15இல் பூட்டினால் விசிறி 5 அங்குலம் கூடுதலாகக் கீழே இறங்கி நிற்கும். நீ மீன் பிடிக்கப் போற ஸ்கூகொக் ஏரியின் சராசரி ஆழமே ஒன்றரை மீட்டர் வராது. பாசியெல்லாம் சுற்றிக்கொள்ளும்.

அத்தான்: ஷோர்ட் ஷாஃப்ட் எஞ்சின் ஒன்று வாங்கலாமே?

சின்ன மாமா: வாங்கலாம். ஆனால் இவன் சிம்கோ ஏரிக்கும் போவான். அங்கே காற்று எழும்பினால் மறைப்பே கிடையாது. ஓடிவந்து சட்டென்று வேகத்தைக் குறைத்தால் எங்கட அலையே பின்னால் வந்து ஏறும். பலகை உயரம் குறைவாக இருந்தால் தண்ணீர் நேரே உள்ளேதான்.

அக்கா: பிள்ளைகளும் ஏறுவினம். உயரமானதையே எடு. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் வாங்கு.

நான்: ரிவெட் ஒழுகினால் மாமா?

சின்ன மாமா: றெயிலரில் நிற்கும்போதே உள்ளே நாலு அங்குலம் தண்ணீர் விட்டு, அடியில் குனிந்து பார். சொட்டுற ரிவெட்டைச் சோக்கால் வட்டம் போடு. நாலைந்து என்றால் திருப்பி அடித்து இறுக்கலாம். உள்ளே ஒருவர் இரும்பை முட்டுக்கொடுத்துப் பிடிக்க, வெளியே ஒருவர் அடிக்கவேணும். அதைவிடப் பின்பலகையைக் கவனி. உள்ளே மரம். அதில் எஞ்சினைப் பூட்டி, அதன் அடிப்பாகத்தைப் பிடித்து ஆட்டு. பலகையும் சேர்ந்து வளைந்தால் மரம் உக்கிவிட்டது. அப்படியென்றால் சாம்பலும் வேண்டாம், வேறு தேடுவம்.

அத்தான்: மூன்று பேரை ஏற்றிக்கொண்டு 9.9 இழுக்குமா?

சின்ன மாமா: மெதுவாகத்தான் போகும். பேர்ச் மீன் பிடிக்க அது போதும். 10 குதிரைவலுவுக்குக் கீழே என்றபடியால் போட்டுக்கு லைசன்ஸ் நம்பரும் தேவையில்லை. ஓட்டுறவருக்குச் சோதனை எழுதி எடுக்கிற ஒப்பரேட்டர் கார்ட் கட்டாயம். தம்பி, கார்ட் எடுத்திட்டியா?

நான்: இன்னும் இல்லை. இந்தக் கிழமை ஒன்லைனில் எழுதுறன். சனிக்கிழமை தண்ணீர் விட்டுப் பார்க்கலாமா என்று விற்கிறவரிடம் கேட்கிறன். வருவீங்கள்தானே மாமா?

சின்ன மாமா: வாறன். டோர்ச் ஒன்று எடுத்துக்கொண்டு வா.