புதுப்பிப்பு: கிஞ்சேகா போய் வந்தாச்சு

ஆஸ்திரேலியாவின் கிஞ்சேகா தேசியப் பூங்காவின் மண் சாலையில் சின்ன கார் தாங்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தாங்கியது, தரை காய்ந்திருந்ததால். மழை பெய்தால் சாலையையே மூடிவிடுவார்கள், அதனால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ப்ரோக்கன் ஹில் நகரிலிருந்து 110 கிலோமீட்டர்தான். பூங்காவை ஒட்டி ஓடும் டார்லிங் ஆற்றை, இப்பகுதியின் பூர்வகுடிகளான பார்க்கின்ஜி மக்கள் 'பாக்கா' என்கிறார்கள். கரை நெடுக சிவப்புப் பட்டை உரிந்த யூகலிப்டஸ்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். தவறு, அவை ரிவர் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் வகை, பட்டை அல்ல, மரத்தின் உட்கட்டைதான் சிவப்பு.

என்னை அசர வைத்தது 1875-இல் கட்டிய ஆட்டுரோமக் கொட்டகை. அறுபது லட்சம் ஆடுகளுக்கு இங்கே ரோமம் கத்தரித்திருக்கிறார்கள்! தூண்களைத் தொட்டால் இன்னும் ஆட்டுரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்கு.

அப்புறம், 1872-இல் வெடித்த 'பிராவிடன்ஸ்' நீராவிப் படகின் கொதிகலன் ஆற்றோரம் கிடக்கிறது. ஈக்கள்? வலைத் தொப்பி கட்டாயம்.