சார்டீனிய மொழியில் ஓர் ஒற்று தவறியபோது

நெய்தல்:
இத்தாலியைச் சேர்ந்த சார்டீனியத் தீவின் வடபகுதி ஊரான ஒசியேரியில், அவ்வூரின் மெல்லிய ரொட்டியைப் பெரிய அளவில் வாங்க நினைத்து "பானெ மனு" என்று கேட்டேன். கடையிலிருந்த மூதாட்டி என் வலக்கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைத் தட்டி "மனு" என்றார். பிறகு தம் இரு கைகளையும் அகல விரித்து, நாவை அண்ணத்திலிருந்து எடுக்காமல் நிறுத்தி "மன்ன்னு" என்றார். முன்னது கை, பின்னது பெரியது. அம்மொழியில் உயிரின் நீளம் பொருளைப் பிரிப்பதில்லை. மெய்யின் நீளமே பிரிக்கிறது. இலையையும் இல்லையையும் பிரித்தறிந்து வளர்ந்த நான் அதை எப்படித் தவறவிட்டேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

வழிப்போக்கன்:
காலியரி நகரை அங்குள்ளோர் 'கஸ்தெட்டு' என்பார்கள். ஈற்று டகரம் 'லட்டு' என்பதில் ஒலிப்பது போன்றது. பேருந்தில் அருகிலிருந்தவர் தாம் அவ்வூர்க்காரர் என்று "தெ கஸ்தெட்டு" எனச் சொன்னபோது, ககரம் 'அகம்' என்பதில் போலக் குழைந்து ஒலித்தது. வண்டி எங்கே போகிறது என்று கேட்டதற்கு ஓட்டுநர் "அக்கஸ்தெட்டு" என்றார். வேறோர் ஊர் என்று நம்பி நடுவழியில் இறங்கிவிட்டேன். 'இடத்துக்கு' எனப் பொருள்தரும் அந்த 'அ', லத்தீனில் ஈற்றில் மெய் கொண்ட 'அத்' என்ற சொல்லாக இருந்தது என்றும், அந்த மெய்யே அடுத்த சொல்லின் முதலெழுத்தில் கரைந்து இரட்டிப்பாக நிற்கிறது என்றும் பின்னரே அறிந்தேன். நம் வலி மிகும் இடங்கள்தாம் நினைவுக்கு வந்தன.

ஆழி:
நெய்தல் சொல்வது னகரம், லகரம், ரகரம் ஆகியவற்றுக்குப் பொருந்தும். வல்லினத்துக்கு முழுமையாகப் பொருந்தாது. நான் தீவின் நடுப்பகுதியிலுள்ள நுவோரோ நகரச் சந்தையில் விலை கேட்டபோது, பத்து என்பதற்கு ஒசியேரியில் கேட்டிருந்த 'தெகெ' அங்கே குழையாத, ஆனால் இரட்டிக்கவும் செய்யாத ககரத்துடன் வந்தது. அதை எழுத நம் எழுத்தில் வழியில்லை. தீவின் பெரும்பகுதியில் உயிர்களுக்கு இடைப்பட்ட ஒற்றை வல்லினம் குழைகிறது, இரட்டை வல்லினம் வன்மையாக நிற்கிறது. ஆகவே நீளம் மட்டுமன்றி வன்மையும் சேர்ந்தே பொருளைப் பிரிக்கிறது. இனிச் செல்பவர்கள் எழுத்தை நம்ப வேண்டாம். 2006இல் வந்த பொது எழுத்துமுறையில் பூனை 'கத்து' என்பதற்கு ஒரே தகரம்தான் எழுதப்படுகிறது, வாயிலோ அது அழுத்தமாகவே ஒலிக்கிறது. சொல்லைத் தனியே மனனம் செய்யாமல், முன்சொல்லோடு சேர்த்து, 'அ' வரும்போது ஒரு முறையும் 'தெ' வரும்போது ஒரு முறையுமாக, அவ்வூர்க்காரர் ஒருவரைச் சொல்லச் செய்து கேளுங்கள்.