ஃப்ரைடே நைட் கார்பூல்ல ஊருக்குப் போறவங்க, உங்க அனுபவத்தச் சொல்லுங்க

சேலத்துமாங்கா:
போன தடவ ஊருக்கு வந்தப்ப நடந்தது, இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதான் எழுதறேன். நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எலக்ட்ரானிக் சிட்டில கெளம்பி சேலம், ஞாயித்துக்கிழமை ராத்திரி ரிட்டர்ன், என் கார்ல காலியா இருக்கற சீட்ட கார்பூல் ஆப்ல போட்டுருவேன், எல்லாரும் பண்றதுதான். சீட்டுக்கு 450. அன்னைக்கு நாலும் ஃபுல். பின்னாடி நடு சீட்ல ஒரு தம்பி, இப்பத்தான் வேலைல சேர்ந்திருப்பான் போல, அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் தாண்டியும் வாயே தெறக்கல. கிருஷ்ணகிரி டோல்ல நிக்கறோம், ஃபாஸ்டேக்ல காசு எடுத்த மெசேஜ் வருது, போன் ஹோல்டர்ல மாட்டியிருக்கறதால எல்லாத்துக்கும் தெரியுது. உடனே இவன் "அண்ணா வண்டி டீசலா? என்ன மைலேஜ் குடுக்குது?"ங்கறான். வண்டி மேல ஆசப்பட்டு கேக்கறான்னு நானும் பெருமையா, ஹைவேல 18 தாராளமா வரும் தம்பின்னேன். ரெண்டு நிமிஷம் கால்குலேட்டர்ல என்னமோ தட்டிட்டு அப்புறம் சொல்றான், "200 கிலோமீட்டருக்கு 11 லிட்டர், 1,000 ரூவா. டோல் எல்லாம் சேத்து 300ன்னு வெச்சுக்கலாம். மொத்தம் 1,300. நாங்க நாலு பேரு 1,800 குடுக்கறோம். இதுல உங்க பங்கு எங்கண்ணா?"

கார்ல சத்தமே இல்ல. பாட்டு மட்டும் ஓடுது. முன் சீட்ல இருந்தவரு ஜன்னல் பக்கம் திரும்பி சிரிப்ப அடக்கறாரு, எனக்குத் தெரியாதா? தர்மபுரி தாண்டி டீக்கு நிறுத்துனேன், நான் பர்ஸ் எடுக்கறதுக்குள்ள என் டீக்கும் சேத்து அவனே ஜிபே பண்ணிட்டான். அதுதாங்க இன்னும் எரியுது. டயர் தேயறது, சர்வீஸ், இன்சூரன்ஸ், ஈஎம்ஐ இதெல்லாம் அவங்கப்பாவா கட்டறாரு? அதே ரூட்ல தீபாவளி டைம்ல ஆம்னி பஸ்காரன் கேக்கறதக் குடுத்துட்டு வாயப் பொத்திக்கிட்டுத்தானே வர்றாங்க. நீங்களே சொல்லுங்க, 450 ஜாஸ்தியா?

மூணாவதுசீட்டு:
தம்பி யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, எங்க ஆபீஸ் ஃபைனான்ஸ் டீம்ல ஆள் தேவைப்படுது 😂

பவானிக்காரி:
450 ஜாஸ்தியா கம்மியான்னு எனக்குத் தெரியல, உயிரோட எறக்கிவிட்டா எவ்வளவு வேணா குடுக்கலாம். நான் எப்பவும் லட்சுமி நகர் பைபாஸ்ல எறங்கிக்குவேன், அப்பா வண்டில வந்து கூட்டிட்டுப் போவாரு. இது ராத்திரி கெளம்புன ட்ரிப். ஓட்டுனவரு பகல் பூரா ஆபீஸ்ல வேல பாத்துட்டு அப்படியே வண்டிய எடுத்துட்டாரு. முன் சீட்ல ஒரு பையன், ஹெட்போன மாட்டிக்கிட்டு வாயப் பொளந்து தூங்கறான். என் பக்கத்துல இருந்த அக்கா சேலத்துலயே எறங்கிட்டாங்க. சங்ககிரி நெருங்கறப்ப எதேச்சையா கண்ணாடியப் பாக்கறேன், அவரு கண்ணு தெரியுது, பாதி மூடியிருக்கு. கை ரெண்டும் ஸ்டீரிங்ல கெட்டியா இருக்கு, கழுத்து மட்டும் மெதுவா முன்னால போகுது, டக்குனு நிமிருது, மறுபடி போகுது. முன்னாடி கம்பி ஏத்துன லாரி ஒண்ணு, கம்பி நுனில செவப்புத் துணி ஆடிட்டு இருக்கு. எனக்கு வயிறு கலங்கிருச்சு.

கத்துனா பதறிப்போயி பிரேக்க மிதிச்சிருவாரோன்னு பயம். அதனால சாதாரணமா, "அண்ணா உங்க ஊர்ல என்ன வெள்ளாம"ன்னு கேட்டேன். மஞ்சன்னாரு. அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டேன். மஞ்சக் குவிண்டால் என்ன வெல போகுது, வேக வெக்கறதுக்கு ஆளு கெடைக்குதா, வெரலி நல்லா போகுதா கிழங்கு நல்லா போகுதான்னு எனக்குத் தெரிஞ்சது தெரியாதது எல்லாம் கேட்டேன். எங்க வீட்ல மஞ்சளே கெடையாது, நாங்க தறி. பைபாஸ் வர்ற வரைக்கும் விடவே இல்ல. எறங்கறப்ப "அண்ணா, ஒரு டீ குடிச்சிட்டு மொகம் கழுவிட்டுப் போங்க"ன்னும் சொன்னேன். அடுத்த நாள் ஆப்ல ரேட்டிங் வந்திருக்கு. மூணு ஸ்டார். "நல்ல பொண்ணு, ஆனா ரொம்பப் பேசும்." 🙂

அந்த ரேட்டிங்கால அதுக்கப்புறம் ரெண்டு பேரு என் ரெக்வஸ்ட்ட அக்செப்ட் பண்ணவே இல்ல.

மூணாவதுசீட்டு:
நீங்க ரிப்ளை போட்டிருக்கணும், "ஆமா, பேசுனதாலதான் நீங்க ரேட்டிங் போடறதுக்கு இருக்கீங்க"ன்னு.

ஓன்போர்டு ஓனர்:
சேலத்துமாங்கா ப்ரோ, கோச்சுக்காதீங்க, அந்தத் தம்பி கேட்டது சரியான கேள்வி. செலவப் பங்கு போடறது வேற, அதுக்கு மேல ஒரு ரூவா வந்தாலும் அது வேற. என் கதைய சுருக்கமா சொல்லிடறேன். பெங்களூர்ல இருந்து வர்ற வழில ஒரு எடத்துல செக்கிங்காரங்க வண்டிய ஓரங்கட்டச் சொன்னாங்க. என்னைக் கீழ எறக்கி ஒரு பக்கம், பின்னாடி இருந்தவர எறக்கி இன்னொரு பக்கம். "இவரு உனக்கு என்ன வேணும்?" அந்த மனுஷன் என்னைக் காப்பாத்தறதா நெனச்சுக்கிட்டு "சித்தப்பா பையன் சார்"னு சொல்லிட்டாரு. "சரி, சித்தப்பா பேரென்ன?" ... அவரு என்னைப் பாக்கறாரு, நான் அவரப் பாக்கறேன். அந்த முழிய இன்னும் என்னால மறக்க முடியல. எப்படியோ பேசி விட்டாங்க, அது பெரிய கதை, வேண்டாம்.

விஷயம் என்னன்னா, நம்ம வண்டி ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பிளேட். காசு வாங்கி ஆளேத்தணும்னா டாக்ஸிக்கான டி போர்டு, பெங்களூர்ல சொல்ற மஞ்ச போர்டு வேணும், பர்மிட் வேணும். மோட்டார் வாகனச் சட்டத்துல 66வது பிரிவு இதத்தான் சொல்லுது, மீறுனா 192ஏ, 2019 திருத்தத்துக்கு அப்புறம் 10,000 ரூவா அபராதம். 2023ல பெங்களூர்ல கார்பூல் ஆப்புக்குத் தடைன்னு ஒரே களேபரம் ஆச்சே ஞாபகம் இருக்கா, டாக்ஸி யூனியன்காரங்க பொழப்பு போகுதுன்னு ஒரு பக்கம், ஐடி ஆளுங்க ட்ராஃபிக்ல சாகறோம்னு இன்னொரு பக்கம். கடைசில அப்ப கர்நாடக போக்குவரத்து அமைச்சரா இருந்த ராமலிங்க ரெட்டியே, வெள்ளை போர்டு வண்டிய வாடகைக்கு ஓட்டக்கூடாது, ஆப்புக்காரங்க அனுமதி வாங்கலன்னு விளக்கம் குடுக்க வேண்டியதாச்சு. இத்தனைக்கும் 2020ல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்ல சொந்தக் கார் பூலிங்குக்கு எடம் இருந்துச்சு, மாநிலம் வேண்டாம்னு சொல்லாத வரைக்கும் ஊருக்குள்ள ஒரு நாளைக்கு நாலு ட்ரிப், ஊர் விட்டு ஊர் வாரத்துக்கு ரெண்டு ட்ரிப், கூட வர்றவங்களுக்கு 5 லட்சத்துக்காவது இன்சூரன்ஸ் இருக்கணும்னு. காகிதத்துல இருந்துச்சு, ரோட்ல நிக்கறப்ப அந்தக் காகிதத்த யாரு பாத்தா?

அபராதத்த விடுங்க, பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். உங்க பாலிசிய எடுத்துப் படிங்க, "ஹயர் ஆர் ரிவார்டு"க்கு, அதாவது காசு வாங்கிட்டு ஓட்டக்கூடாதுன்னு ஒரு வரி இருக்கும். தொப்பூர் இறக்கத்துல எவனாவது நியூட்ரல்ல வந்து பின்னாடி ஏத்திட்டான்னு வைங்க, ஆப்ல நாலு சீட் வித்த கணக்கு இருக்கு, ஜிபே ஹிஸ்டரி இருக்கு, க்ளெய்ம தள்ளிவிட அவங்களுக்கு வேறென்ன வேணும்? அதனால எல்லாருக்கும் சொல்றேன். உங்களையும் சேத்து வகுங்க. அஞ்சு பேருன்னா அஞ்சால. 1,300க்கு ஆளுக்கு 260. டோல் மெசேஜ க்ரூப்லயே போட்டுருங்க. சில்க் போர்டுல நின்னு "சேலம் சேலம்"னு கூவாதீங்க, நான் பாத்திருக்கேன். ஸ்டெப்னில காத்து இருக்கான்னு வாரா வாரம் பாருங்க, நாலு பேரு லக்கேஜையும் கீழ எறக்கித்தான் ஸ்டெப்னிய எடுக்கணும்ங்கறது பஞ்சரான அப்புறந்தான் தெரியும். ஏறுறவங்க நம்பர் பிளேட்ட போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்க, ஓனரு தப்பா எடுத்துக்கக் கூடாது. ராத்திரி 11க்கு மேல கெளம்பாதீங்க. பவானிக்காரி மேடம், நீங்களும் முன் சீட்டே கேட்டு வாங்கியிருக்கலாம்.

பவானிக்காரி:
முன் சீட் கேட்டிருக்கலாமா. சரிங்க சார். 🙏

சேலத்துமாங்கா:
260க்கு நான் ஏன் நாலு பேர ஏத்தணும்? ஒருத்தன் பிடிஎம்ல நிப்பான், இன்னொருத்தன் பொம்மசந்திரால, மூணாவது ஆளு "டூ மினிட்ஸ் ப்ரோ"ன்னு அரை மணி நேரம் மெட்ரோ பில்லர் கீழ நிக்க வைப்பான். அதுக்கு காசு கெடையாதா. தனியாவே போயிட்டுப் போறேன்.

தண்டவாளம்:
தனியா போனா மொத்தம் 1,300 உங்க கைல இருந்து போகும், அப்ப பஸ்லதான் போவீங்க. அங்கதான் என் கேள்வியே. இந்த ஆப்புக்காரங்க ட்ரிப் முடிஞ்சதும் "நீங்கள் இவ்வளவு கார்பன் மிச்சம் செய்தீர்கள்"னு பச்ச எல போட்டு அனுப்பறாங்களே, அந்தக் கணக்கு எனக்கு எரிச்சலாவே இருக்கு. டீசல் ஒரு லிட்டர் எரிஞ்சா சுமாரா 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோல்னா 2.3. 11 லிட்டருக்கு 30 கிலோ வருது. அஞ்சு பேரும் தனித்தனியா அஞ்சு கார் எடுத்திருந்தா 150, ஒரே கார்ங்கறதால 30, அதனால 120 மிச்சம், இப்படித்தான் போடறாங்க. அந்தக் கால்குலேட்டர் தம்பிகிட்ட காரா இருக்கு? அவன் கார்பூல் இல்லன்னா கேஎஸ்ஆர்டிசி, எஸ்இடிசி கவர்மென்ட் பஸ்ஸு, இல்லன்னா ஓசூர் தர்மபுரி வழியா போற ரயிலு. அதெல்லாம் அவன் ஏறுனாலும் ஏறலன்னாலும் ஓடும். மாங்கா சாரும் சீட் நெறையலன்னா காரையே எடுக்க மாட்டாரு. அப்ப நடந்தது 120 கிலோ மிச்சமா, 30 கிலோ கூடுதலா? ஏற்கனவே தனியா கார்ல போறவன ரெண்டு பேரா, மூணு பேராக் கூட்டிட்டுப் போனா, அது மிச்சம். பஸ் ஏற வேண்டியவனக் கார்ல ஏத்துனா அது வசதி. வசதி தப்பில்ல, ஆனா பச்ச எல எதுக்கு.

அனுபவம்னா, ஒரே தடவ போனேன், பக்கத்துல இருந்தவரு முறுக்கு தின்னாரு கோயமுத்தூர் வரைக்கும்.

பலாச்சுளை:
எல்லாரும் சீரியஸா போயிட்டீங்க. நான் சென்னை–திருச்சி ரூட்டு. லக்கேஜ் ஒரு பேக்னு போட்டுட்டு விக்கிரவாண்டில ஒரு பெரியவரு ஏறுனாரு, கைல பண்ருட்டி பலாப்பழம், முழுசு. டிக்கி ஃபுல். மடில வைக்க முடியாது, முள்ளு குத்துது. கடைசில அதுக்கு நடு சீட் குடுத்து சீட் பெல்ட்டும் போட்டாரு, பழத்துக்குத்தான், அவரு போடல. திருச்சி பால்பண்ணைல அவரு எறங்கினதும் என் பொண்டாட்டி காருக்குள்ள தலைய விட்டுட்டு கேட்டா, "யாருங்க வந்தா?" ஒரு வாரம் ஆச்சு, ஏசிய போட்டா இன்னும் அதே வாசன.

தாம்பரம்_டு_சிறுசேரி:
தண்டவாளம் சொல்ற கணக்குல நாங்க பாஸ். நாலு பேரும் கார் வெச்சிருக்கறவங்க, முன்னாடி நாலு பேரும் தனித்தனியா மேடவாக்கம், சோழிங்கநல்லூர்னு ஒரே ட்ராஃபிக்ல முன்ன பின்ன நின்னவங்கதான். இப்ப வாரம் ஒருத்தர் வண்டி. காசெல்லாம் பெரிய விஷயமே இல்ல, யாரு வாரமோ அவங்க பெட்ரோல் போட்டுக்கறது. ஒருத்தர் மட்டும் வண்டிய வித்துட்டாரு, அதுல இருந்து சனிக்கிழமை காலைல அவரு பங்க சொல்லாமலே அனுப்பிடுவாரு.

எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். ஒரு நாள் பாஸ்போர்ட் வேலையா பதினோரு மணிக்கு வெளிய வந்தேன். எங்க கேம்பஸ்ல இருந்து கொஞ்ச தூரத்துல ஒரு டீக்கடை, பின்னாடி ஷீட் போட்டு பெஞ்ச் இருக்கும், அதுல அந்த வண்டிய வித்தவரு உக்காந்திருக்காரு. லேப்டாப் பேக் மடில, கழுத்துல ஐடி கார்டு டேக் இருக்கு, கார்டு இல்ல. அவரு கம்பெனில ஆளக் கொறச்சது எனக்குத் தெரியும், அவர எடுத்துட்டாங்கன்னு தெரியாது. என்னைப் பாத்தாரு. எழுந்திரிக்கல, "மீட்டிங் சீக்கிரம் முடிஞ்சிருச்சு"ன்னாரு. சரிங்கண்ணான்னு வந்துட்டேன். சாயங்காலம் வழக்கமா ஏறுற எடத்துல நின்னாரு, ஏறுனாரு, எல்லார் கூடவும் சேந்து மேனேஜரத் திட்டுனாரு. மறுநாளும் வந்தாரு. சனிக்கிழமை காசும் வந்துச்சு. அந்தக் காச நான் வாங்கிக்கறதா, திருப்பி அனுப்பறதா? அனுப்புனா எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிரும். மத்த ரெண்டு பேருகிட்டயும் நான் சொல்லல.

ஓன்போர்டு ஓனர்:
ப்ரோ திருப்பி அனுப்பாதீங்க. ரெஸ்யூம் வாங்கி நாலு எடத்துல போடுங்க. அவரு வீட்ல சொல்லிட்டாரான்னு நைசா விசாரிங்க. பிஎஃப் பணம் வேலை போனதும் ஒரு பகுதி எடுக்கலாம், யுஏஎன்ங்கற பிஎஃப் நம்பர் ஆக்டிவா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, கேஒய்சி அப்டேட் பண்ணலன்னா அதுக்கே ஒரு மாசம் இழுத்துரும், ஆதார்ல பேரும் பிஎஃப்ல பேரும் ஒரே மாதிரி இருக்கணும், இனிஷியல் முன்னாடி பின்னாடி இருந்தாக்கூட ரிஜெக்ட். மெடிக்கல் இன்சூரன்ஸ் கம்பெனியோடது போயிருக்கும், உடனே தனியா ஒண்ணு...

பவானிக்காரி:
சார், அவரு பிஎஃப் பத்தி கேக்கல.

தாம்பரம்_டு_சிறுசேரி:
பரவால்லங்க, நல்ல மனசுலதான் சொல்றாரு. அடுத்த வாரம் என் வண்டி. சனிக்கிழமை யாரும் காசு போட வேணாம், ஆபீஸ்ல பெட்ரோல் அலவன்ஸ் குடுக்கறாங்கன்னு க்ரூப்ல போட்டிருக்கேன். அப்படி ஒண்ணும் கெடையாது.

சேலத்துமாங்கா:
எனக்கு மட்டும் யாரும் இன்னும் பதில் சொல்லல. 450 வேண்டாம், சரி. 260ங்கறது அநியாயம். 350 போட்டா யாராவது வருவீங்களா? வெள்ளிக்கிழமை அஞ்சரை, எலக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவர் முடியற எடம், ரெண்டு சீட் இருக்கு. டீ என் செலவு.