கைத்தட்டினால் எரியும் விளக்கு மூத்தோர் இருக்கும் வீட்டுக்கு ஏற்றதா?

பாசிர் ரிஸ் கரை எழுதியது:

மூத்தோர் வசிக்கும் வீடுகளில் படுக்கையறை விளக்கையாவது ஒலியால் இயங்கும் சுவிட்சுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. என் அம்மாவுக்கு முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. இரவில் எழுந்து, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போய், கதவருகே இருக்கும் சுவிட்சை அழுத்துவது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. இப்போது கட்டிலருகே உள்ள மேசை விளக்கை, சாக்கெட்டில் செருகும் ஒரு சிறு கருவி வழியாக இணைத்திருக்கிறோம். இரண்டு முறை கைத்தட்டினால் விளக்கு எரிகிறது; மறுபடியும் தட்டினால் அணைகிறது. உள்ளங்கை வலிக்கும் நாட்களில் கைத்தடியின் நுனியால் தரையில் ‘டொக், டொக்’ என்று தட்டுகிறார். கருவி அதையும் ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்காவில் 1980களிலேயே ‘கிளாப்பர்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிட்ட நுட்பத்தைச் சிங்கப்பூரில் இன்னும் விளையாட்டுப் பொருளாகவே பார்க்கிறோம். வீட்டைப் புதுப்பிக்கும்போதே கூடம், படுக்கையறை, கழிவறை என மூன்று இடங்களிலும் இதைப் பொருத்திவிட்டால் என்ன?

மின்வடம் எழுதியது:

மேசை விளக்கோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை. அதைக் கூடத்துக்கும் கழிவறைக்கும் கொண்டுபோவதைத்தான் எதிர்க்கிறேன். மின்பணியில் நீண்ட காலம் இருப்பவன் என்ற முறையில் காரணங்களைச் சொல்கிறேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் பலவற்றில் சுவர் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே மின்சாரம் வரும் லைவ் கம்பியும் விளக்குக்குப் போகும் கம்பியும் மட்டுமே இருக்கும். மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி, விளக்கு மாட்டியிருக்கும் கூரையோடு நின்றுவிடும். ஆனால் ஒலிக்காக எந்நேரமும் காத்திருக்க வேண்டிய கருவிக்கு எந்நேரமும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். நியூட்ரல் இல்லாத இடத்தில் அந்த மின்சாரத்தை அது விளக்கின் வழியாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும். பழைய குண்டு பல்பில் இது கண்ணுக்குத் தெரியாது. எல்இடி விளக்காக இருந்தால், அணைத்த பிறகும் மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருக்கும், அல்லது விட்டுவிட்டு மினுக்கும். சரி, கருவியைக் கூரையில் விளக்கோடு சேர்த்துப் பொருத்தலாம் என்றால், வீட்டில் யாராவது பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போன மறுகணமே கருவியும் செயலிழந்துவிடும். எப்படிச் செய்தாலும் நிலையான வயரிங்கில் கைவைக்க எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இவையெல்லாம் செலவு செய்தால் தீர்க்கக்கூடியவை. எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. விளக்கு எரியாமல் போவதைவிட, எரிந்துகொண்டிருக்கும் விளக்கு தவறான நேரத்தில் அணைவதுதான் மூத்தோருக்கு ஆபத்து. ஈரத் தரையில் நடந்துகொண்டிருக்கும் ஒருவர் கையிலிருந்து தண்ணீர்க் குவளை நழுவி விழுந்து, அந்தச் சத்தத்துக்கே விளக்கும் அணைந்தால் என்ன ஆகும்? பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இங்கே இடி எப்படி முழங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். சீனப் புத்தாண்டு நேரத்தில் புளோக்கின் கீழே சிங்க நடன முரசு ஒலித்தால் பத்தாவது மாடி வரை கேட்கிறது. கருவிக்கு இவற்றையெல்லாம் பகுத்தறியத் தெரியாது.

ஜாலான் புசார் மாணவர் எழுதியது:

பகுத்தறியத் தெரியாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது, ஐயா. சிம் லிம் டவரில் உதிரிப் பாகங்கள் வாங்கி இந்தச் சுற்றை நானே செய்து பார்த்திருக்கிறேன் (சோதனைக்கு இணைத்தது பேட்டரியில் எரியும் விளக்கைத்தான்; 230 வோல்ட்டில் அனுபவமில்லாதவர்கள் கைவைக்கக் கூடாது).

சிறு மைக்ரோஃபோன் ஒலியை மின்னலையாக மாற்றுகிறது. அந்த அலை நாம் வைத்த அளவைத் தாண்டுகிறதா என்று ஒரு ஒப்பீட்டுச் சில்லு பார்க்கிறது. தாண்டினால், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே விளக்கை இணைக்கிறது. அந்த அளவை நிர்ணயிப்பது, பலகையின் ஓரத்தில் உள்ள நீல நிறப் பெட்டியின் தலையிலிருக்கும் பித்தளைத் திருகுதான். மிக மெல்லிய திருப்புளியால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால், காட்டி விளக்கு எரிவதா அணைவதா என்று தயங்கும் ஓர் இடம் வரும். அதிலிருந்து இம்மியளவு பின்வாங்கினால், அறையின் வழக்கமான சத்தத்துக்கு அசையாமலும் கைத்தட்டலுக்கு மட்டும் விழித்துக்கொண்டும் இருக்கும்.

மிக மலிவான கருவிகள் இத்தோடு நின்றுவிடுகின்றன. மின்வடம் ஐயா சொன்ன கோளாறுகள் எல்லாம் அவற்றில் வரத்தான் செய்யும். நல்ல கருவியில் இன்னும் இரண்டு கட்டங்கள் உண்டு. கைத்தட்டல் சில மில்லி விநாடிகளில் திடீரென உயர்ந்து அடங்குவது. அதன் வலிமையில் கணிசமான பகுதி ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. இடியும் முரசும் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் உருள்பவை என்பதால் ஒரு வடிகட்டி அவற்றைப் பெருமளவு தடுத்துவிடும். அடுத்து, முதல் தட்டலுக்குப் பின் குறிப்பிட்ட இடைவெளிக்குள் இரண்டாவது தட்டல் வந்தால் மட்டுமே ரிலே இயங்க வேண்டும். நம் வீடுகளில் சுவர் காங்கிரீட், தரை பீங்கான் ஓடு. எதிரொலி நன்றாகவே இருக்கும். ஆகவே முதல் தட்டலுக்குப் பின் ஏறத்தாழ 100 மில்லி விநாடி கருவி காதை மூடிக்கொள்ளாவிட்டால், ஒரே தட்டலையும் அதன் எதிரொலியையும் இரண்டாக எண்ணிவிடும். ரிலே தானே எழுப்பும் ‘டக்’ ஒலிக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும். இல்லையென்றால் விளக்கை ஏற்றிய சத்தத்தையே கட்டளையாக எடுத்துக்கொண்டு கருவி அணைத்துவிடும்.

குவளை விழுந்து ஒருமுறை ஒலித்தால் அணையாது. விழுந்து, எகிறி, மறுபடியும் ஒலித்தால் அணையலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வெண்தாமரை எழுதியது:

கருவி எவ்வளவு நுட்பமானது என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அதைப் பயன்படுத்தப் போகிறவரின் உடலைப் பற்றியும் பேசுவோம். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்த என் கணவரைப் பராமரித்து வருகிறேன். ஒரு கையால் கைத்தட்ட முடியாது. பக்கவாதம் பலருக்கு நாக்கையும் குழறச் செய்துவிடுவதால், பேச்சுக்குக் கட்டுப்படும் விளக்கும் அவர்களுக்கு உதவாது. கைகளுக்கு ஓய்வு என்று விற்கப்படும் பொருள், கை உண்மையிலேயே இயங்காதவரைத்தான் முதலில் கைவிடுகிறது.

மூத்தோருக்கு ஏற்றபடி வீட்டை மாற்றியமைக்கும் வீவகவின் ‘ஈஸ்’ திட்டம் 2012ல் தொடங்கியபோது கைப்பிடிகளும் வழுக்காத தரையும் தந்தது. 2024 ஏப்ரலில் விரிவுபடுத்தப்பட்ட பிறகு, காட்டி விளக்குள்ள அகலமான சுவிட்சுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. முழங்கையாலோ புறங்கையாலோ அழுத்திவிடலாம். இருட்டிலும் எங்கே இருக்கிறது என்று தெரியும். என் ஓட்டு அதற்குத்தான்.

தெம்பனிஸ் வாசகர் எழுதியது:

நடமாட்டத்தை உணரும் விளக்கை யாரும் சொல்லவில்லையே. தட்டவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். கட்டிலிலிருந்து கால் கீழே பட்டதுமே எரியும். பேச்சுக்குக் கட்டுப்படும் ஒலிபெருக்கிகளைப் பற்றி ஒரே வரி: மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியால் அவற்றுக்குக் கட்டளையிட முடியும் என்று 2017ல் சீனாவின் ஜேஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். விளக்குக்காக மட்டும் அப்படியொன்றை வாங்கிப் படுக்கையறையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பாசிர் ரிஸ் கரை எழுதியது:

வெண்தாமரை அக்கா, ஒரு கை இயங்கினாலும் கட்டில் சட்டத்தையோ மேசையையோ இருமுறை தட்டலாம் என்பதை அம்மாவிடம் நேரில் பார்க்கிறேன். கருவிக்குத் தேவை கூர்மையான இரண்டு ஒலிகள்தான். அகலமான சுவிட்சு நல்லதுதான். ஆனால் அதை அழுத்த அதனிடம் போய்ச் சேர வேண்டும், அந்தத் தூரம்தான் இருட்டில் இருக்கிறது. தெம்பனிஸ் வாசகரே, நடமாட்டத்தை உணரும் விளக்குகளில் பரவலாகக் கிடைப்பவை அசையும் உடல்வெப்பத்தைத்தான் கவனிக்கின்றன. அசையாமல் நாற்காலியில் அமர்ந்து படிப்பவரை அவை காண்பதில்லை. நேரம் முடிந்ததும் அணைந்துவிடும். அம்மா இரவில் நெடுநேரம் படிப்பவர்.

மின்வடம் ஐயா, தவறான நேரத்தில் அணைவதுதான் ஆபத்து என்றால், ஒலியால் எரியட்டும், ஒலியால் அணைய வேண்டாம். எரிந்தபின் அரைமணி நேரத்துக்கு எந்த ஒலியையும் பொருட்படுத்தாமல் இருந்து, பிறகு தானாக அணையும்படி அமைத்தால் கழிவறைக்கும் பொருந்தாதா?

மின்வடம் எழுதியது:

நீங்கள் சொல்லும் அமைப்பு என் முக்கிய மறுப்பைப் பெருமளவு நீக்குகிறது என்பதை மனமார ஏற்கிறேன். இருந்தாலும் கழிவறைக்கு இன்னும் உடன்பட மாட்டேன். கழிவறைக்குள் செருகும் வகைக் கருவிக்குச் சாக்கெட் இருக்காது. ஆக, அது கூரைக்குள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எல்இடி விளக்கு எரியத் தொடங்கும் கணத்தில் அதன் உள்ளே இருக்கும் மின்தேக்கி பெரும் மின்னோட்டத்தை இழுக்கும். மலிவான ரிலேயின் முனைகள் அதைத் தாங்காமல் காலப்போக்கில் கருகிவிடும், அல்லது ஒட்டிக்கொள்ளும். கழிவறைக் கூரையில் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. பழுதான இரவில் அங்கே சிக்கிக்கொள்வது உங்கள் அம்மாதான்.

படுக்கையறைக்கு வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணையத்தில் மலிவாக வரும் கருவிகளில் 120 வோல்ட்டுக்கானவையும் கலந்திருக்கின்றன. அவற்றை இங்கே செருகவே கூடாது. இங்கு மூன்று முனைப் பிளக்கும் மேசை விளக்கும் கட்டுப்பாட்டுக்குரிய பொருட்கள் என்பதால், அவற்றில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எந்நேரமும் காத்திருப்பதால் ஆகும் செலவைக் கண்டு தயங்க வேண்டாம். ஒரு வாட் எடுத்தாலும் ஆண்டுக்கு 8.76 கிலோவாட் மணிதான், மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

வெண்தாமரை எழுதியது:

மேசையைத் தட்டலாம் என்பதை அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் சுவர் சுவிட்சை எடுக்க மாட்டேன். எது புதிதாக வந்தாலும் அதன் பக்கத்தில்தான் வர வேண்டும். உடற்குறையுள்ளோர் துணைக்கருவி வாங்க, அவர்களுக்கான எஸ்ஜி எனேபிள் அமைப்பு வழங்கும் உதவி நிதி இதற்குக் கிடைக்குமா என்று, அவருடைய செயல்முறைச் சிகிச்சையாளரிடம் அடுத்த சந்திப்பில் கேட்கப் போகிறேன். விடை கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.