வரையும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள்: உங்கள் அனுபவம்?

தஞ்சைப்பலகை:
நான்கு வருடமாகியும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். தஞ்சாவூர் ஓவியம், தவழும் கிருஷ்ணன். பலகையில் துணி ஒட்டி, மக்கு என்கிற சுண்ணப் பசை வைத்து, கல் பதித்து, தங்க ரேக்கும் ஒட்டியாயிற்று. என் மாமியார் என்னோடு அதிகம் பேசமாட்டார். கல் பதிக்கும் நாட்களில் மட்டும் வந்து உட்கார்ந்து, சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பிரித்துத் தருவார். கண்ணைக் கடைசியில்தானே திறப்போம்? அன்று விளக்கேற்றிவிட்டு இடது கருவிழியை வைத்தேன். சட்டென்று, "இப்படித்தாம்மா பார்ப்பான்" என்றார். யார் என்று கேட்டேன். ஒன்றரை வயதில் போய்விட்ட மூத்த பிள்ளையாம். என் கணவருக்கே தெரியாத அண்ணன். வலது கண்ணை அன்று என்னால் வைக்க முடியவில்லை.

எழும்பூர்_நிழல்:
நான் வாட்டர்கலர். எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே உட்கார்ந்து, அந்த 1908-ஆம் வருடக் கட்டடத்தின் சிவப்பை இரண்டு மணி நேரமாகப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற பெரியவர், "ழ-வுக்குச் சுழி சரியா விழலையே தம்பி" என்றார். பெயர்ப் பலகையைச் சொல்கிறார். தூரிகையைக் கொடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. தாளின் ஓரத்தில் அவ்வளவு அழகான ழ! கடை போர்டு எழுதியவராம், ஃபிளெக்ஸ் வந்ததும் வேலை நின்றுவிட்டதாம். பத்து வருடமாக நான் அழிக்காமல் ஒரு கோடு போட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. படம் வரைவதில் மட்டுமில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

பழையதூரிகை:
தஞ்சைப்பலகை அவர்களே, ஒரு கண்ணோடு நிறுத்தியது தவறு என்பேன். இரண்டு கண்ணையும் ஒரே அமர்வில் வைத்தால்தான் பார்வை சேரும். சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் முதலில் இரண்டு இமைக்கோடு, அப்புறம் இரண்டு கருவிழி, வெள்ளைப் புள்ளி கடைசியில். எழும்பூர் நண்பருக்கு: தடிமனான 300 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள். சிவப்பை முதல் பூச்சிலேயே பிடிக்க நினைக்காதீர்கள், காய்ந்தால் வெளுத்துவிடும். வெள்ளை வேண்டிய இடத்தில் தாளையே விட்டுவிடுங்கள். அப்புறம், தனியாக வரைந்தால்தான் தன்னை அறியலாம் என்று இங்கே பலர் சொல்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்தவர்களும் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, மெழுகு வைத்துச் சாயமேற்றிய பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களை விற்றுத்தான் ஓவியர்கள் நிமிர்ந்தார்கள். பக்கத்து வீட்டிலும் ஓவியர் என்பது எவ்வளவு பெரிய பலம்! ஒருமுறை போய்ப் பாருங்கள்.

என் கதை சின்னது. இறந்துபோன அப்பாவை நினைவிலிருந்து வரைந்தேன். மச்சம் எந்தக் கன்னத்தில் என்று தெரியவில்லை. ஆறு வருடமாகப் பேசாத தம்பியைக் கூப்பிட்டேன். "இடது" என்று மட்டும் சொன்னான். போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

எழும்பூர்_நிழல்:
தாள் 300 ஜிஎஸ்எம்தான் ஐயா. நான் சொன்னது அதைப் பற்றியில்லை. ஆனால் உங்கள் தம்பி விஷயத்தை இரண்டு தடவை படித்தேன்.

தஞ்சைப்பலகை:
ஐயா, ஒரே அமர்வில் வைக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். இரண்டு வாரம் கழித்து வலது கண்ணை மாமியார்தான் வைத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பார்வை சேரவில்லைதான், அந்தக் கண் கொஞ்சம் மேலே பார்க்கிறது. திருத்தவில்லை.