விற்றவர் இரண்டு மாதம் தங்கினால் வாடகையை எப்படி நிர்ணயிப்பது?

கேள்வி (மண்டபம்):
வணக்கம். ஒரு வீட்டை 24 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறேன். அதில் 20 லட்சம் 9 சதவீத வட்டியில் வங்கிக் கடன். விற்பவர் விசைப்படகுக்காரர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடியும்வரை அங்கேயே இருந்துகொள்ளக் கேட்கிறார். திண்ணை நிறைய வலையைப் பரப்பி அவர் கிழிசல் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபின் மறுக்க மனம் வரவில்லை. எது நியாயமான வாடகை?

பதில் (தொண்டி):
உங்கள் வட்டி மாதம் 15,000, அதாவது நாளுக்கு 500 ரூபாய். ஆனால் கடன் உங்கள் முடிவு. அந்தச் சுமை முழுவதையும் தொழில் இல்லாத காலத்தில் அவர்மேல் ஏற்றுவது முறையன்று. அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு என்ன வாடகையோ அதை வாங்குங்கள், மின்கட்டணம் அவருடையது.

பதில் (கீழக்கரை):
ஏறக்குறைய முழுப் பணமும் பத்திரப் பதிவன்றே அவர் கைக்குப் போய்விடுகிறதே, அதையும் எண்ண வேண்டும். ஆகவே தெரு வாடகைக்கும் வட்டிக்கும் நடுவில், நாள் கணக்கில் பேசுங்கள்; முன்னதாகக் காலி செய்தால் அவருக்கும் லாபம். நான் உறவினரிடம் வாய்ப்பேச்சாக விட்டு, இரண்டு மாதம் ஏழு மாதமாகி, பேச்சுவார்த்தையே நின்றுபோனது. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டமும் எழுத்துமூல ஒப்பந்தத்தையே கேட்கிறது. காலி செய்யும் தேதியை அதில் எழுதி, விலையில் ஒரு லட்சத்தைச் சாவி கொடுக்கும் நாளுக்கு நிறுத்திவையுங்கள். உப்புக்காற்றில் மோட்டாரும் இரும்புக் கதவும் இப்போது எப்படி இருக்கின்றன என்று படமும் எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. நாளுக்கு 350 ரூபாய் என்று இன்று மாலை அவரிடம் பேசப்போகிறேன்.