தொழில்முனைவுக்கு மூன்றாண்டுப் பட்டம் வேண்டுமா?

நொய்யல்கரை:
திருப்பூரில் எட்டு இயந்திரங்களோடு நிட்டிங் ஜாப் ஒர்க், அதாவது பார்ட்டிகள் தரும் நூலைக் கூலிக்குத் துணியாகப் பின்னித்தரும் வேலை, செய்து வருகிறேன். பிளஸ் டூ முடித்திருக்கும் என் மகள், தொழில்முனைவையே முதன்மைப் பாடமாகக் கொண்ட மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர வேண்டும் என்கிறாள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2022 மே மாதத்தில் நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூர் உற்பத்தியை நிறுத்திய நாள்கள் பலருக்கும் நினைவிருக்கும். நூல் பார்ட்டியுடையது, நமக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிதானே, விலை ஏறினால் நமக்கென்ன என்று அதுவரை இருந்துவிட்டேன். ஆர்டர் குறைந்து ஆறு இயந்திரங்கள் நின்றபோதுதான், ஓடாத இயந்திரத்துக்கும் ஷெட் வாடகையும் வங்கித் தவணையும் ஃபிட்டர் சம்பளமும் உண்டு என்பது உறைத்தது. அந்தப் பாடத்தை எந்தப் பேராசிரியரும் வகுப்பில் புரியவைத்திருக்க முடியாது. அவள் பி.காம். படித்துக்கொண்டே பட்டறைக்கு வரட்டும் என்பது என் எண்ணம்.

கரும்பலகை:
பதினான்கு ஆண்டுகளாகக் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்துகிறவள் என்ற முறையில் மறுக்கிறேன், ஐயா. மாதத்துக்கு எத்தனை கிலோ ஓடினால் செலவு கட்டும், அதற்குக் கீழே போனால் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கை இரண்டே வகுப்புகளில் சொல்லித்தர முடியும். அதைப் பட்டுத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. தொழில் செய்யும் துணிவு பிறவிக் குணம் என்ற நம்பிக்கையை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்கிளெலண்ட், 1964இல் ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறுதொழில் நடத்துவோரைத் தேர்ந்தெடுத்து, ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தின் துணையோடு, சாதிக்கும் வேட்கையை வளர்க்கும் பயிற்சி அளித்தார். பயிற்சி பெற்றோர் பிறகு மற்றவர்களைவிடக் கூடுதலாக முதலீடு செய்ததையும், கூடுதலான ஆட்களை வேலைக்கு அமர்த்தியதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. தொழில்முனைவுப் பயிற்சிக்கென்றே அகமதாபாத்தில் 1983இல் தனி நிறுவனம் எழுந்ததன் பின்னணியிலும் இந்த நம்பிக்கைதான் இருந்தது.

பழையமாணவன்:
அத்தகைய பட்டம் ஒன்றைப் படித்து முடித்தவன் நான். காக்கிநாடாவில் பயிற்சி பெற்றவர்கள் பதினெட்டு வயது மாணவர்கள் அல்லர். ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்ததும் குறுகிய காலப் பயிற்சியே அன்றி மூன்றாண்டுப் பட்டம் அன்று. நான் படித்த கல்லூரியில் ஐந்தாவது செமஸ்டருக்கு ஒரு தொழில் திட்டம் எழுதி வைவாவுக்குக் கொண்டுபோக வேண்டும். முந்தைய ஆண்டு சீனியர் எழுதிய காளான் வளர்ப்புத் திட்டத்தில் ஊர்ப் பெயரையும் கடன் தொகையையும் மாற்றி எங்கள் குழு கொடுத்தது. முழு இன்டர்னல் மதிப்பெண்ணும் கிடைத்தது. நாங்கள் யாரும் ஒரு காளான் படுக்கையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது. நெதர்லாந்துக் கல்லூரி ஒன்றில் மாணவர்களைச் சிறு நிறுவனம் நடத்தவைத்த பாடத்தை ஆராய்ந்து 2010இல் வெளியான கட்டுரையும், மாணவர்களின் திறனில் குறிப்பிடத்தக்க உயர்வு தெரியவில்லை, தொழில் தொடங்கும் விருப்பமோ குறைந்துவிட்டது என்றுதான் சொன்னது.

கரும்பலகை:
விருப்பம் குறைந்ததை நான் தோல்வியாகக் கருதவில்லை. வீட்டு நகையை அடகு வைத்த பிறகு இது நமக்கு ஒத்துவராது என்று உணர்வதைவிட, வகுப்பிலேயே உணர்ந்து விலகுவது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். ஆனால் காளான் திட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னது எங்கள் துறையின் உண்மையான நோய், அதை மறைக்க மாட்டேன். எதைக் கற்பிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டோகோ நாட்டுச் சிறுதொழிலர் 1,500 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், தானாக முன்வந்து செயல்படும் மனப்பாங்கைப் பழக்கிய பயிற்சி லாபத்தை ஏறத்தாழ 30 சதவீதம் உயர்த்தியது. வழக்கமான கணக்கு, சந்தைப் பாடங்களால் அந்த அளவு பலன் இல்லை. சென்னை ஐஐடியின் நிழலில் 2017இல் தொடங்கிய ராக்கெட் நிறுவனமான அக்னிகுல், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து ராக்கெட்டை ஏவியது. பல்கலைக்கழகம் இல்லாமல் அது நடந்திருக்குமா?

பழையமாணவன்:
அதற்குத் துணை நின்றவை பொறியியல் அறிவும் ஆய்வகமும் பேராசிரியர்களும். தொழில்முனைவுப் பட்டம் அன்று. டோகோவிலும் பயிற்சி பெற்றவர்கள் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர்களே. நீங்கள் காட்டும் சான்றுகள் ஒவ்வொன்றும், முதலில் ஒரு துறையைக் கற்றுக்கொள், தொழில் பயிற்சியைப் பிறகு எடுத்துக்கொள் என்றுதான் சொல்கின்றன.

செக்கெண்ணெய்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பட்டறையில் கற்கலாம் என்பது பட்டறை உள்ள வீட்டுக்குப் பொருந்தும்; அங்கும் பெரும்பாலும் மகன்களுக்குத்தான். நைட் ஷிஃப்டில் மகன் இயந்திரத்தருகே நின்றால் தொழில் பழகுகிறான் என்பார்கள், மகள் நின்றால் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். என் தந்தை கூலித் தொழிலாளி. எனக்கு இந்தப் பாடம் ஒரே ஒரு செமஸ்டர் இருந்தது. சிறுதொழிலரிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டுவட்டி சேரும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை அங்கேதான் அறிந்தேன். பிறகு எண்ணெய் ஆலை தொடங்கி, ஒரு மொத்த வியாபாரி நான்கு மாதம் இழுத்தடித்தபோது, சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு எண்ணையும் அந்தச் சட்டப் பிரிவையும் பில்லின் அடியில் அச்சிட்டு மறுபடி அனுப்பினேன். பத்து நாளில் பணம் வந்தது. எங்கள் வீட்டில் அதைச் சொல்லித்தர ஆளில்லை, அண்ணா. உங்கள் மகளை இரவில் ஷெட்டில் நிற்க விட்டதுண்டா?

நொய்யல்கரை:
இல்லை அம்மா, விட்டதில்லை. அவள் கேட்டதுண்டு, நான்தான் அனுப்பிவிட்டேன். அந்த 45 நாள் சட்டம் ஜாப் ஒர்க்குக்கும் பொருந்துமா?

செக்கெண்ணெய்:
சேவைக்கும் பொருந்தும். உத்யம் பதிவு இருக்க வேண்டும்.

நொய்யல்கரை:
பதிவு இருக்கிறது, பில்லில் போட்டதில்லை. மூன்றாண்டுப் பட்டம் வேண்டாம் என்பதில் பழையமாணவன் பக்கமே இன்னும் நிற்கிறேன். ஆனால் அவள் பட்டறைக்கு வந்து கற்கட்டும் என்று எழுதிய நானே அவளை உள்ளே விடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியை அம்மாவிடம் ஒரு கேள்வி: ஊர்ப் பெயரை மாற்றி எழுதும் திட்டத்துக்குப் பதிலாக, எங்கள் ஷெட்டின் மூன்றாண்டு ரசீதுகளையும் மின்கட்டணத்தையும் எடுத்துப்போய், கிலோவுக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று கணக்கிடுவதையே திட்டப்பணியாக உங்கள் கல்லூரி ஏற்குமா?

கரும்பலகை:
எங்கள் துறையில் ஏற்போம். ரசீதுகளை மாதவாரியாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். இயந்திரம் நின்ற நாள்களையும் அவள் குறித்து வரட்டும்.